மேசை போடாத கூட்டம்

அந்த யோசனை எனக்கு வேனுக்குள் உட்கார்ந்திருந்தபோது வந்தது. வேன் நகராமல் நின்றதால் வந்தது என்றும் சொல்லலாம்.

தோட்டத்து நுழைவாயிலைத் தாண்டி, செம்பனை வரிசைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனால் ஒரு வாய்க்கால் வரும். அதன்மேல் சின்னதாக ஒரு சிமெண்டுப் பாலம். குலை ஏற்றிய லோரி ஒன்று அதன் ஓரத்தை நசுக்கிவிட்டுப் போயிருந்தது. மோட்டார் சைக்கிள் போகும். சின்னக் காரும், ஓட்டுபவருக்குத் துணிச்சல் இருந்தால், போகும். எங்கள் வேனும் போகும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் டிரைவர் அண்ணன் இஞ்சினை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து ஒரு காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டார்.

"போகலாமாண்ணே?"

"தலைவர் சொல்லணும்."

"அந்தப் பக்கம் நல்லாத்தானே இருக்கு, பாருங்களேன்."

"நல்லாத்தான் இருக்கு. தலைவர் சொன்னா இப்பவே போவேன்லா."

எங்கள் தொண்டு அமைப்பின் தலைவர் அப்போது கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். நான் அழைத்தேன், எடுக்கவில்லை. டிரைவர் அண்ணன் அழைத்தார், எடுக்கவில்லை. அதற்குள் பாலத்துக்கு அப்பால், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துப் பக்கமிருந்து, நாங்கள் ஆண்டி என்று கூப்பிடும் அம்மா நடந்து வருவது தெரிந்தது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அவரை ஏற்றிப் போவதுதான் அந்த வேனின் வேலை. தோளில் துண்டு. கையில் ஒரு பை, அதற்குள் போர்வை. டயாலிசிஸ் அறையில் குளிர் தாங்காது. பாதி வழியில் நின்று, ஒரு பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் இறங்கி ஓடினேன். கையைப் பிடிக்கப் போனால், "அது ஊசி போடற கை. இந்தக் கையைப் பிடி" என்று மற்றதை நீட்டினார்.

அவரைத் தாங்கிக்கொண்டு வேனை நோக்கி நடந்தபோதுதான் பளிச்சென்று உறைத்தது. வேன் இருக்கிறது. எண்ணெய் இருக்கிறது. இருபது வருஷம் லோரி ஓட்டிய டிரைவர் இருக்கிறார். இல்லாதது ஒரே ஒரு சொல். அந்தச் சொல் கிள்ளானில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

தலைமை தாங்கும் முறையை மாற்றினால் போதும், மற்றதெல்லாம் தானாக மாறும் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். நான் படித்தது பொது நிர்வாகம். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வெள்ளைப் பலகையில் தலைமைத்துவ வகைகளைக் கட்டம் கட்டமாக வரைவார். நான் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எனக்குத் தெரிந்த ஒரு மாமாவையோ சித்தப்பாவையோ பொருத்திப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். படிப்பு முடிந்ததும் தோழிகள் கோலாலம்பூரில் வேலை தேடினார்கள். நான் கோலா சிலாங்கூருக்கே திரும்பி, இந்த அமைப்பில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் புரட்டிப்போடலாம் என்று நினைப்பு.

தலைவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சந்தைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். தமிழ் முஸ்லிம் குடும்பம். தோட்டத்து ஆட்கள் அவரை 'பாய்' என்பார்கள், அமைப்பில் எல்லாருக்கும் 'தலைவர்', எனக்கு மட்டும் 'அங்கிள்'. கடையின் மேல்மாடியில் எங்களுக்கு ஓர் அலுவலகம் உண்டு, பெயர்ப்பலகை உண்டு, குளிர்சாதனம்கூட உண்டு. முடிவுகள் மட்டும் கீழே, அவர் கடையில், தேத்தண்ணி கலக்கும் இடத்துக்கு அடுத்த மேசையில் பிறக்கும். அந்த மேசையிலிருந்து ஒரு போன் போட்டால் மத்தியானத்துக்குள் சக்கர நாற்காலி வந்து இறங்கும். கோலா குபு பாருவில் யாருக்கோ ஆஸ்பத்திரிக் கட்டில் கிடைக்கும். அவர் உதவாத வீடு நான் அறிய எங்கள் பகுதியில் இல்லை. ஆனால் அவர் மக்காவுக்கு உம்ரா பயணம் போயிருந்தபோது, அதே சக்கர நாற்காலிக்கு ஒரு டயர் மாற்றலாமா என்று முடிவு செய்ய ஆள் இல்லை. திரும்பி வரட்டும் என்று அத்தனை பேரும் காத்திருந்தார்கள். நாற்காலிக்காரரும் சேர்ந்து.

என் அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஆண்டியின் மகன் கோலாலம்பூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். பாலம் உடைந்தது தெரிந்ததும், "மழைக்கு முன்னாடி வேன் வாசலுக்கு வரலேன்னா அம்மாவ நான் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் ஆண்டிக்கு அங்கே போக விருப்பமே இல்லை.

"இங்க நான் திட்டுனா கேக்கறதுக்கு ஒரு லயமே இருக்கு பாப்பா. அங்க யாரைத் திட்டறது? மருமவளையா? வேற வினையே வேணாம்."

சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு வேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்போங் குவாந்தான் திருப்பம் வரும்வரை போர்வைப் பையின் காதை முறுக்கிக்கொண்டே வந்தார்.

மறுநாள் போனை எடுத்த தலைவரோ, நோயாளியை வைத்துக்கொண்டு உடைந்த பாலத்தில் ஏற்ற வேண்டாம், முதலில் சரிசெய்யட்டும் என்றுவிட்டார். பாலம் தோட்டக் கம்பெனியின் நிலத்தில் இருந்தது. அதனால் ஊராட்சி மன்றம் உள்ளே வந்து கைவைக்க முடியாது. கம்பெனிக்கோ லோரி போக வேறு பாதை இருந்தது, லயத்துப் பாலத்தைப் பற்றி அவசரமில்லை. எங்கள் ஊராட்சி மன்றத்தில் அப்போதுதான் ஒரு புது அதிகாரி பொறுப்பேற்றிருந்தார். மலாய்க்காரப் பெண்மணி, நாற்பது வயதிருக்கும். முன்பெல்லாம் யாருக்கு யாரைத் தெரியும் என்பதை வைத்துத்தான் சாலைக்குத் தார் வரும். இவர் வந்து அதை மாற்றினார். குடியிருப்பவர்களே தங்களுக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவர் வாயால் கோரிக்கை வர வேண்டும், கம்பெனி சம்மதித்தால் மன்றம் பராமரிப்புக்கு உள்ளே வரும். "உங்கள் தலைவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் பாலத்தில் நடப்பது அவர் இல்லையே" என்று மலாயில் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குத் தானே வந்து கேட்பதாகவும் சொன்னார். பதாகை வேண்டாம், பேச்சு வேண்டாம்.

நான் பறந்தேன். நேராகத் தலைவரின் மேசைக்குப் போய், "அங்கிள், ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு நீங்க வர வேணாம்" என்றேன்.

தேத்தண்ணி கலக்குபவர் கலக்குவதை நிறுத்தினார்.

"ஏம்மா?"

"நீங்க வந்தா எல்லாரும் உங்க முகத்தையே பார்ப்பாங்க. அவங்க பேசணும்."

மேசைமேல் இருந்த தேத்தண்ணிக் குவளையை ஓரமாக நகர்த்தினார். பிறகு, "அப்ப பிரியாணி மட்டும் அனுப்பவா?" என்றார்.

"அதுவும் வேணாம். பிரியாணி வந்தா நீங்களே வந்த மாதிரி."

சிரித்தார். ஆனால் அன்று என்னிடம் வழக்கமாகக் கேட்கும் 'சாப்பிட்டியாம்மா'வைக் கேட்கவில்லை.

கோயிலை ஒட்டிய மண்டபத்தில் கூட்டம். பிரதான மேசை போடவில்லை. மேசைக்கு மேல் விரிக்கும் ஜரிகைத் துணி இல்லை, குத்துவிளக்கு இல்லை, மைக் இல்லை, மாலை இல்லை, பொன்னாடை இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். போட்டுவிட்டு இரண்டு முறை சுற்றி வந்து அழகு பார்த்தேன். எல்லாரும் சமம், எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரியும். விரிவுரையாளர் பார்த்தால் கண்கலங்கியிருப்பார்.

ஆட்கள் வந்தார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் வட்டத்திலிருந்து ஒரு நாற்காலியை உருவி, சுவரோரமாகக் கொண்டுபோய்ப் போட்டு, அதில் உட்கார்ந்தார். ஆண்கள் சிலர் வெளியே மரத்தடியில் நின்றே விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வட்டத்தில் நான் மட்டும் மிச்சம்.

அதிகாரி தன் சின்னக் காரைப் பாலத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். ஓட்டக் காலணி, மலாய்ப் பெண்கள் உடுத்தும் சாதாரண பாஜு கூரோங். யாரோ அவரைப் பள்ளி ஆசிரியை என்று நினைத்து, ஆண்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைத் தள்ளினார்கள். நான் எழுந்து, "இவங்க மஜ்லிஸ்ல, ஊராட்சி மன்றத்துல இருந்து வந்திருக்கற அக்கா" என்று மட்டும் அறிமுகப்படுத்தினேன். பதவியைச் சொல்லாததில் எனக்கு ஒரு பெருமை. படிநிலை ஒழிந்தது பார்!

"இன்னைக்கு இங்க தலைமை யாரும் இல்லைங்க. இது நம்ம கூட்டம். யார் வேணும்னாலும் பேசலாம்."

சுவரோரத்திலிருந்து ஒரு குரல்: "பாய் எப்ப வருவாரு?"

"வரமாட்டாருங்க."

"அப்ப இன்னும் தொடங்கலையா?"

"தொடங்கியாச்சுங்க."

"எப்ப?"

"இப்பத்தான்."

"விளக்கே ஏத்தலையே?"

"ஏய், இது சும்மா பேசிப் பாக்கறதுலா. கூட்டம் அப்புறம் இருக்கும்" என்று வெளியிலிருந்து ஒருவர் விளக்கம் சொன்னார். அது எல்லாருக்கும் திருப்தியாக இருந்தது. உடனே கலகலப்பானார்கள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருவது, குரங்குகள் கூரையைப் பிய்ப்பது, யார் வீட்டு நாய் யார் கோழியைக் கடித்தது எல்லாம் வந்தது. நான் ஒவ்வொரு முறையும் பேச்சைப் பாலத்துக்கு இழுத்து வந்தேன். அது நழுவி நாய்க்கே போனது. கடைசியில் அதிகாரியே மென்மையாக, "உங்கள் பிரதிநிதி யார்?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டி, "நான் இல்ல, நீங்கதான் தேர்ந்தெடுக்கணும்" என்றேன்.

"சரிங்க. பாயைக் கேட்டுச் சொல்றோம்."

அதிகாரிக்கு அடுத்து ஒரு வேலை இருந்தது. என் தோளைத் தட்டிவிட்டு, வந்த வழியே பாலத்தைக் கடந்து போனார்.

அவர் யார் என்று பிறகு, செவ்வாய்க்கிழமை வேனில் வரும்போது தெரிந்ததும் ஆண்டி என்னைப் பிடித்துக்கொண்டார். "அவங்கதான் பெரிய ஆபிசரா? அடிப்பாவி! நான் பக்கத்துலயே உக்காந்து சம்பால் அரைக்க எவ்வளவு பெலச்சான் போடணும்னு கேட்டுக்கிட்டிருந்தேன்! ஒரு மாலை போட்டிருந்தீன்னா கையைப் பிடிச்சிப் பாலத்துக்கே இழுத்துக்கிட்டுப் போயிருப்பேனே!"

"மாலை போட்டாத்தான் பேசுவீங்களா ஆண்டி? அவங்க அதெல்லாம் வேணாம்னாங்க."

"அவங்களுக்கு வேணாம். எனக்கு வேணும்லா! யாருகிட்ட சொன்னா வேலை நடக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?"

"பெரிய ஆளுகிட்ட மட்டும்தான் வாயைத் தொறப்போம்னா, அப்புறம் எப்பவும் ஒரு பெரிய ஆளுக்காகக் காத்துக்கிட்டுத்தான் இருக்கணும்."

"போடி, தோட்டத்து ஆபிஸ் கிராணியாட்டம் பேசாத."

அன்று அவருக்கும் எனக்கும் வேனுக்குள் நல்ல சண்டை. டிரைவர் அண்ணன் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைத்தார். இன்றுவரை அந்தச் சண்டையில் யார் சரி என்று என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

விஷயம் தலைவர் காதுக்கு அன்று மாலையே போய்விட்டது. மறுநாள் அவருடைய நண்பர், குத்தகைக்காரர் ஒருவர், கனமான இரும்புத் தகடுகளை லோரியில் கொண்டுவந்து பாலத்தின்மேல் போட்டார். அடுத்த டயாலிசிஸ் நாளில் எங்கள் வேன் 'டடங் டடங்' என்று தகட்டில் ஏறி, லயத்து வாசலில் போய் நின்றது. ஆண்டி படியிலிருந்து நேராக வேனுக்குள் காலெடுத்து வைத்தார். லயமே கைதட்டியது. வேனில் கூடவே வந்திருந்த தலைவர் கூச்சத்தோடு கையசைத்தார்.

"பாத்தியாம்மா?" என்றார் டிரைவர் அண்ணன், கண்ணாடி வழியாக.

பார்த்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. நான் வாரக்கணக்கில் தொங்கியதை அவர் ஒரு போனில் முடித்துவிட்டார். ஆனால் அந்தத் தகட்டுக்கு யாரும் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. நானும் ஏன் கேட்கவில்லை என்று கேட்கவில்லை. ஆண்டி நடக்காமல் வேனேறுவதைப் பார்த்தபிறகு எந்த வாயால் கேட்பது?

தோட்டத்துக்குப் புது மேனேஜர் வந்திருந்தார். ஜொகூர் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். ஒரு காலை நாங்கள் போனபோது தகடுகள் பாலத்தில் இல்லை. வாய்க்காலோரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. பாதுகாப்புக்கு ஒத்துவராதாம், அனுமதி இல்லாமல் போட்டதாம். தலைவர் மேனேஜரை அழைத்தார். அலுவலகப் பையன் எடுத்து, செய்தி சொல்வதாகச் சொன்னான். மறுபடி அழைத்தார். மறுபடியும் செய்தி.

"அந்த ஆளு என் கடையில ஒரு நாள்கூடச் சாப்பிட்டதில்லம்மா" என்றார் தலைவர். குறையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே குழம்பிப்போய், ஒரு மனுஷனை வேறு எப்படி அணுகுவது என்று தெரியாதவராகச் சொன்னார்.

ஆண்டி மறுபடி நடக்கத் தொடங்கினார். மழையும் தொடங்கியது. ஒரு வியாழக்கிழமை விடாமல் கொட்டியதில் பாதை சேறாகி, அவரால் வேன்வரை வர முடியவில்லை, அன்றைய டயாலிசிஸ் தவறிப்போனது. நாங்கள் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். நான் குடையோடு போய்ப் பார்த்தேன். வாசலில் நின்றவர், "வழுக்கி விழுந்தா அது வேற செலவு, நீ போ" என்று விரட்டினார். சனிக்கிழமை போனபோது கால் வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். டயாலிசிஸ் மையத்துத் தாதி எங்கள் எல்லாரையும் சேர்த்து வைத்துத் திட்டினார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அன்றைக்கு மகன் காரோடு வந்துவிட்டார்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும்தான்மா" என்றார் அம்மாவிடம். பிறகு என்னைப் பார்த்து, கோபமில்லாமல், "நீங்க எல்லாரும் நல்லவங்கதான். ஆனா யாருமே பொறுப்பில்லையே" என்றார்.

அதைக் கேட்டபிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தலைவரின் மேசைக்குப் போனேன்.

"காலை ஆட்டாத. கடைக்கு ஆகாது" என்றார்.

நிறுத்தினேன். அடுத்த நிமிஷம் மறுபடி ஆடியது.

"அங்கிள், உங்க போன் வேகமா வேலை செய்யுது. ஆனா போன் எடுக்காத ஆளு வந்தா நிக்குது. என் கூட்டம் யார் வந்தாலும் வேலை செய்யணும். ஆனா அது தொடங்கவே இல்ல."

"ரெண்டு பேருமே தேறலைன்னு சொல்ற."

"ஆமா."

"என்னையும் உன்னையும் ஒரே கணக்குல வச்சிட்டியே" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "சாப்பிட்டியா?" என்றார். அத்தனை நாள் கழித்து. நான் பதில் சொல்வதற்குள் கோழிக்குழம்பு ஊற்றிச் சோறு வந்துவிட்டது.

பிரதிநிதி விஷயம் கூட்டமே இல்லாமல் முடிந்தது. மகன் கிளம்பிப் போனபின், ஆண்டி லயத்து வாசலில் நின்று, கேட்பவர் கேட்காதவர் எல்லாருக்குமாகச் சத்தம் போட்டிருக்கிறார்: "பாலத்துக்காக ஆபிசுக்குப் போக இங்க ஒருத்தருக்கும் காலு இல்லையா? நான் வீங்கின காலோட போறேன்!" அடுத்த வீட்டிலிருந்து, "போக்கா, உனக்குத்தான் வாய் இருக்கு" என்று பதில் வந்தது. எதிர் வரிசையிலிருந்து, "எங்க வீட்டுக்கும் சேத்துப் பேசு" என்று இன்னொன்று. வீட்டுக்கு வீடு இப்படியே ஆளுக்கொரு குரல் கொடுத்திருக்கிறார்கள். இதைத்தான் தேர்தல் என்று நான் அதிகாரியிடம் சொன்னேன். அவர் யோசித்தார். "எத்தனை வீடு?" என்று கேட்டார். "எல்லாமே" என்றேன். "அப்படியானால் சரி, நானும் மேனேஜரைப் பார்க்க வருகிறேன். முதலில் அவர்களே பேசட்டும்" என்றார்.

வரும் திங்கட்கிழமை ஆண்டிக்கு டயாலிசிஸ் இல்லாத நாள். அன்று காலையில் மேனேஜர் நேரம் கொடுத்திருக்கிறார். ஆண்டி வேனில் போகும்போதும் வரும்போதும் மலாயில் பேசிப் பழகிக்கொண்டிருக்கிறார். டிரைவர் அண்ணன்தான் மேனேஜர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "முடியாது, போயிட்டு அடுத்த வாரம் வாங்க" என்று முறைப்பாகச் சொல்கிறார். ஆண்டி அதற்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் சொல்கிறார். சிலவற்றை மேனேஜரிடம் சொல்ல முடியாது.

தலைவரும் வர வேண்டும் என்று நான்தான் கேட்டேன். வந்து, பேசாமல் இருக்க வேண்டும்.

"நான் பேசாம நின்னா எனக்கு உடம்புக்கு ஏதோன்னு நெனப்பாங்கம்மா."

"நெனைக்கட்டும் அங்கிள்."

"நீ?"

"நானும் பேசமாட்டேன்."

"நீயா!" என்றார். தேத்தண்ணி கலக்குபவரும் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதில் நியாயம் இருந்தது.

ஆகவே திங்கட்கிழமை ஆண்டி முன்னால் உட்காருவார், நாங்கள் பின்னால் நிற்போம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: மன்றம் உள்ளே வந்து பாலத்தைக் கட்டக் கம்பெனியின் சம்மதம். மேனேஜர் பதில் சொல்லும்போது யார் முகத்தைப் பார்ப்பார் என்பதுதான் என் கவலை. அவர் தலைவரைப் பார்த்தால், தலைவர் ஜன்னலைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்தால், நான் குனிந்து என் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிப் பார்த்தேன். இதுவரை ஒரு நிமிஷம்கூடத் தாண்டவில்லை.